இடது ஓரத்து உப்பு

முட்டையில் உப்புப் போடக் கூடாது என்று விசாலாட்சி மூன்றாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கராஜின் மூலையில், பழைய மேசைமேல் கணவர் ஏகாம்பரம் வைத்திருந்த மின்சார அடுப்பில், அவருடைய கறுப்புச் சட்டியில், ஆறு முட்டைகள் மஞ்சளாகப் புரண்டு உதிர்ந்துகொண்டிருந்தன. கை தானாக உப்பைத் தேடியது. நாற்பது வருஷம் அடுப்படியில் பழகிய கை, சொன்னால் கேட்குமா. இந்தச் சட்டி ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, "சைவக் குடும்பத்துல பொறந்துட்டு இது என்னங்க கூத்து?" என்று கேட்டாள். "நான் சைவம்தான் விசாலம். அதுங்க சைவம்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். அதுங்க என்றால் பின்புறத்துக் கம்பத்தில் குடியிருக்கும் பறவைகள். இந்த ஒஹையோ ஊர்க்காரர்கள் பர்ப்பிள் மார்ட்டின் என்பார்கள். நம்மூர்த் தகைவிலான் குருவிக்குப் பெரியப்பா பிள்ளை என்பார் அவர். பங்குனி மாதம் பிரேசிலிலிருந்து பறந்து வரும். பறக்கும் பூச்சியை ஆகாயத்திலேயே பிடித்துத் தின்னும். வேறெதுவும் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. குளிர் திரும்பி வந்துவிட்டால் பூச்சி எழும்பாது. பூச்சி எழும்பாவிட்டால் ஒருநாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். இன்று மூன்றாவது நாள். இன்று சித்திரை முதல் தேதியும்கூட, ஆனால் இந்த வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. தை மாதம் ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாங்காய் வாங்க வேண்டாம், வேப்பம்பூ வறுக்க வேண்டாம், அந்த நேரத்துக்கு முட்டையைக் கிளறிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. பட்டாணி அளவுக்கு உதிர்க்க வேண்டும் என்பார். பட்டாணி அளவு. அதைவிடப் பெரிதானால் வாய் கொள்ளாது, சின்னதானால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாது என்ற இடத்தில் மனசு முள்ளில் மாட்டிய புடவைத் தலைப்பைப் போல நின்றது. அவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பனி காலுக்கடியில் உப்பைப் போலவே நொறுங்கியது. எல்லாம் இன்றைக்கு உப்பாகத்தான் இருக்கப்போகிறது. பூத்துவிட்ட டாஃபடில்கள் மஞ்சள் முகத்தைத் தரையில் கவிழ்த்துக் கிடந்தன. சமையலறைப் படியிலிருந்து நாற்பது அடி தள்ளிக் கம்பம், கம்பத்தின் உச்சியில் இரும்புச் சட்டம், சட்டத்தில் பன்னிரண்டு சுரைக்குடுக்கைகள், வெள்ளையடித்து. தோட்டத்தில் விளைந்த சுரைக்காய்களை அவள் பிஞ்சில் கேட்பாள், அவர் தரமாட்டார். முற்றவிட்டு, காயவிட்டு, குடைந்து, வாய் வெட்டித் தொங்கவிட்டார். பொரித்த குழம்புக்கு ஒரு காய் கொடுங்களேன் என்று கெஞ்சி வாங்கியதுண்டு. இப்போது அந்தக் குடுக்கைகள் பேச்சில்லாமல் தொங்கின. நல்ல நாளில் விடியுமுன்பே கரகரவென்று பேச ஆரம்பித்துவிடும், தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்று நாளாகக் கொப்பளிப்பு இல்லை. முதல் நாள் அவள் செய்தது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. கம்பத்தடியில் இருந்த பலகைமேல் முட்டையைப் பரப்பிவைத்துவிட்டு, கைகூப்பாத குறையாக நின்றாள், காக்காய்க்கு வைப்பது போல. வைத்தால் வரும், வந்தால் தின்னும், தின்றால் அவர் தின்ற மாதிரி. மாசா மாசம் அவர் திதிக்குச் சோறு வைத்தபோது காக்காய் வராமல் கொழுத்த அணில் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போனது. போனில் சொன்னதற்கு, "அப்பா அணிலா வந்திருக்காரும்மா, கொழுப்பு அதிகம்னு டாக்டர் சொன்னாரே" என்றாள் மகள் அபிராமி, சொல்லிவிட்டு அழுதாள். பலகை முட்டையையும் அணில்தான் தின்றது. அன்று மாலை அடுத்த பண்ணை வால்டர் போன் செய்தார். அவரிடமும் ஒரு கம்பம் உண்டு. ஏகாம்பரமும் அவரும் பறவை சிநேகிதர்கள். வைத்தால் தின்னாது, விசாலாட்சி, என்றார் அந்தக் கிழவர் தயவாக. அவற்றுக்கு அசையாத சாப்பாடு சாப்பாடே இல்லை, கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது, கரண்டியால் ஆகாயத்தில் எறி, பூச்சி என்று நினைத்துப் பாயும், ஒன்று பிடித்துவிட்டால் மற்றவை கற்றுக்கொள்ளும், பழைய பறவைகளுக்கு உன் வீட்டுக்காரர் எறிந்தது ஞாபகம் இருக்கும். கம்பத்தை இறக்கிப் பார்க்காதே, பயந்து எழும்பினால் உள்ள பலமும் போய்விடும். மூன்றாம் நாளைத் தாண்டுவது கஷ்டம். கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. அவர் சொல்லிக்கொண்டே போனார், விசாலாட்சி போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நேற்றெல்லாம் எறிந்தாள். ஒன்றும் அசையவில்லை. சாயங்காலம் கம்பத்தடியில் ஒன்று விழுந்து கிடந்தது. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், கத்தரிக்காய்த் தோலை வெயிலில் திருப்பிப் பார்த்தது போல. கையில் எடுத்தால் ஒரு வெங்காயத்தின் கனம். கட்டைவிரலால் மார்பைத் தடவினாள், தடவியிருக்கக் கூடாது. சதையே இல்லை, நடுவெலும்பு அருவாமணை விளிம்பாக நின்றது. கார்த்திகை மாதம் குளிப்பாட்டும்போது அவருடைய தோள்பட்டை இப்படித்தான் கையில் இடித்தது. இப்போது சமையலறைப் படியில் நின்றுகொண்டு நீளக் காம்புள்ள பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு துணுக்கை வைத்து, நுனியை வளைத்து விட்டாள். கவண்கல் மாதிரி எழும்பி, குடுக்கைகளின் உயரத்துக்குப் போய், ஒரு கணம் மஞ்சளாக நின்று, விழுந்தது. இன்னொன்று. விழுந்தது. இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. தட்டில் பரிமாறினாலும் அவள் கைக்கு இலைதான். அம்மா வீட்டில் காஞ்சிபுரத்தில் பழகியது. நுனி இடது பக்கம், இடது ஓரத்தில் உப்பு, அடுத்தது ஊறுகாய், கூட்டு, பொரியல், பிறகுதான் நடுவிலும் வலப்பக்கமும் சோறு. எவர்சில்வர் தட்டுக்கு நுனி ஏது? இருந்தாலும் கை அப்படித்தான் போகும். ஆவணியில் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது கையும் காலும் விழுந்துபோயின. டாக்டர் சமையலில் உப்பு வேண்டாம் என்றார். தனியாக ஒரு சிட்டிகை வைத்துக்கொள்ளட்டும், நாளுக்கு அவ்வளவுதான். அவள் உப்பில்லாமல் சமைத்தாள், சிட்டிகை உப்பை இடது ஓரத்தில் வைத்தாள். முதல் வாரமே கேட்டார், "விசாலம், உப்பு வைக்கலையா?" "வெச்சிருக்கேன்ல." "எங்க?" "எதிர்ல. கண்ணு பொடனியிலயா இருக்கு?" அவர் தட்டைப் பார்த்தார், தேடுகிற மாதிரி பார்த்தார், பிறகு, சரி, என்றார். அவ்வளவுதான், சரி. அந்தச் சரியைத் தினமும் அவள் எத்தனை தரம் கேட்கிறாள். இன்னொரு துணுக்கு. விழுந்தது.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அபிராமி, பாஸ்டனிலிருந்து. "புத்தாண்டுன்னு சொல்லக் கூடாதாம்மா இந்த வருஷம்? சும்மா கூப்ட்டேன்னு வெச்சுக்கோ. என்ன, காத்து சத்தம் கேக்குது, வெளிலயா நிக்கிற?" "படியிலதான்." "அந்த முழங்கால் வலியோட? அப்பா கோட்டாவது போட்டிருக்கியா?" "போட்டிருக்கேன்." "பறவை எப்படி?" விசாலாட்சி கரண்டியால் கிண்ணத்தைக் கிளறினாள். "அம்மா, இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. கராஜ் ஃப்ரீசர்ல பறவைக்குன்னு அப்பா வெச்சிருந்த சில்வண்டு டப்பாவ யாரோ தூக்கிப் போட்டாங்க, காரியத்துக்கு வந்த ஆன்ட்டிங்க, நீ போடல." "நான்தான் போடச் சொன்னேன். இட்லி மாவு வைக்க இடம் இல்லன்னு." "சரி, சொன்ன. அதுக்கு?" "அதுக்கு ஒண்ணுமில்ல." "நான் வெள்ளிக்கிழமை வரேன். கம்பத்த வால்டர் எடுத்துக்கட்டும், நீ என்னோட வந்து கொஞ்ச நாள் இரு. சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன சாப்ட்ட?" "அபி, நீ என்ன போலீஸா?" என்றாள் விசாலாட்சி, அந்தப் பக்கம் மகள் சிரித்தாள், "அப்பா கேட்டா மட்டும் சொல்லுவ" என்றாள். "வெக்கிறேன்மா. கை வெறச்சுடும், உள்ள போ." உள்ளே போகவில்லை. அப்பா கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? அவர் எங்கே கேட்டார். அவர் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி. உப்பு வைக்கலையா. இன்னிக்கு கூட்டு பண்ணலையா. கூட்டு தட்டில்தான் இருந்தது. இடது பாதியில், இருக்கிற இடத்தில் இருந்தது, ஆறிப்போய், ஏடு படிந்து. நூறு நாள் அப்படியே திரும்பி வந்தது. தட்டின் நடுவில் கோடு கிழித்த மாதிரி, வலப்பக்கம் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டிருப்பார், இடப்பக்கம் தொட்டிருக்க மாட்டார். உப்பில்லாத சாப்பாட்டுக்குக் கோபம், அதைக் காட்டுகிறார் என்று நினைத்தாள். பிடிவாதம் பிடிக்கிறார், இந்த வயசில் குழந்தை மாதிரி, நான் மட்டும் என்ன உப்புப் போட்டா தின்கிறேன் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? பாதித் தட்டை அவர் முன்னாலேயே குப்பையில் கொட்டினாள், சத்தம் வருகிற மாதிரி.

மார்கழியில்தான் கை கால் பயிற்சிக்கு வந்த அந்தப் பெண், பெயர் காலீன், சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள். எழுந்து அவருடைய தட்டைப் பிடித்து, கடிகார முள்ளைத் திருப்புவது போல அரை வட்டம் திருப்பினாள். இடது பாதி வலதுக்கு வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்தது ஆச்சரியம், வெறும் ஆச்சரியம், விருந்தாளியைக் கண்டது போல. "அட, இது எப்ப வந்துது?" என்றார். காலீன் பிறகு விசாலாட்சியைத் தனியே அழைத்து விளக்கினாள். கண்ணில் குறையில்லை. மூளை இடது பக்கத்தை விட்டுவிட்டது. அவருக்கு அந்தப் பக்கம் இருட்டுகூட இல்லை, அந்தப் பக்கமே இல்லை. இல்லாத பக்கத்தை அவர் எப்படித் தேடுவார்? ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களில் எழுதியிருக்குமே என்றாள் காலீன். இருந்தது. பதினாறு பக்கத்தில் ஒன்பதாம் பக்கம். காலேஜில் விலங்கியல் படித்து, தவளையின் மூளையைக் கீறிப் பெயர் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள், மாத்திரைப் பக்கத்தையும் சாப்பாட்டுப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு மற்றதைக் காந்தத்தில் மாட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள், நூறு நாளும் அதன் பக்கத்தில் நின்று தட்டைக் கழுவினாள். அப்புறம் இருபது நாள் தட்டைத் திருப்பினாள். இருபது நாள் அவர் உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். "இன்னிக்குச் சமையல்ல என்ன பண்ண விசாலம், எப்பவும் இல்லாத ருசி" என்றார். இரண்டாவது அடைப்பு வந்து போனார். டாக்டர் பாதிச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார், மறுபடியும் கேட்டபோது மறுபடியும் சொன்னார். சம்பந்தமில்லைதான். தோள்பட்டை எலும்புக்கு அதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

கிண்ணத்தில் பாதி தீர்ந்துவிட்டது. முட்டை ஆறி விறைத்து, கரண்டியில் ஒட்டியது. படியின் கீழே பனியில் மஞ்சள் துணுக்குகள், யாரோ கோலத்தில் புள்ளி வைத்துவிட்டுக் கோடு போட மறந்த மாதிரி. பன்னிரண்டு குடுக்கைகளும் வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, ஒரு முகமும் இல்லாமல் தொங்கின. பத்தொன்பது பறவைகள் வந்திருந்தன. இப்போது பதினெட்டு. குளிரில் ஒரு குடுக்கைக்குள் நாலைந்து நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார், சில சமயம் அடியில் இருப்பது எழும்பாது என்றும். உள்ளே உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் பிணங்களுக்கு எறிந்துகொண்டிருக்கிறேனோ என்று நினைத்தாள். பழைய பறவைகளுக்கு ஞாபகம் இருக்கும் என்றாரே வால்டர். என் எறிதல் சரியில்லையா? உயரம் போதவில்லையா? அவர் எப்படி எறிவார்? சமையலறை ஜன்னலில் நின்று வருஷா வருஷம் பார்த்ததுதானே. பாத்திரம் துலக்கிக்கொண்டே பார்ப்பாள். சிவப்புத் தொப்பி, இதே கோட்டு, கை ஓங்கும், கரண்டி வளையும், பறவை ஒன்று சுழன்று வரும், பிடித்ததும் அவர் வாயைத் திறந்து சிரிப்பார், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குகூடத் தெரியும். ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், பார்த்தியா, என்பது போல. அவள் துலக்கியபடியே, ம், பார்த்தேன், என்று தலையை அசைப்பாள். பல்லிடுக்கு. விசாலாட்சியின் கை பாதியில் நின்றது. பல்லிடுக்கு எப்படித் தெரிந்தது? இங்கே, இந்தப் படியில் நின்று எறிந்திருந்தால் அவர் முதுகல்லவா தெரிந்திருக்கும்? ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது அவர் முதுகைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. முகம்தான். எப்போதும் முகம். அவர் அந்தப் பக்கம் நின்றார். கம்பத்துக்கு அப்பால், பள்ளத்தில், சோள வயலின் ஓரத்தில், வீட்டைப் பார்த்து நின்றார். அவள் தலையை நிமிர்த்திக் குடுக்கைகளைப் பார்த்தாள். வாய் எங்கே? பன்னிரண்டு குடுக்கைக்கும் வாய் எங்கே? வடமேற்குக் காற்று படக்கூடாதென்று எல்லா வாயையும் அவர் கிழக்கே, வயல் பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருந்தார். அவள் இரண்டு நாளாக அவற்றின் முதுகுக்குப் பின்னால் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஓட முடியாது. முழங்கால் விடாது, பள்ளத்தில் பனி வழுக்கும், அதற்குப் பயந்தே இத்தனை வருஷம் கம்பத்தைத் தாண்டிப் போனதில்லை. பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்து, கிண்ணத்தைக் கோட்டோடு அணைத்துக்கொண்டு, கம்பத்தை வலம் வருவது போல அரை வட்டம் நடந்தாள். அரை வட்டம். அவ்வளவுதான் தூரம். அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தபோது குடுக்கைகளுக்கு முகம் வந்திருந்தது. பன்னிரண்டு இருட்டு வாய்கள். ஒன்றில், கீழ் வரிசையில் மூன்றாவதில், ஒரு தலை. அசையாத தலை, கண் மட்டும் நனைந்த மிளகு போல. "இங்க பாரு" என்றாள் விசாலாட்சி. கரண்டியை வளைத்தாள். துணுக்கு எழும்பியது, அந்த வாய்க்கு நேரே போய் நின்றது, விழுந்தது. தலை விழுந்த துணுக்கின் பின்னால் கொஞ்சம் திரும்பியது. திரும்பியதே. இன்னொன்று. எட்டிப் பார்த்தது. மூன்றாவதற்கு, கல் உருண்டது போல வாயிலிருந்து வெளியே விழுந்தது, செத்துத்தான் விழுகிறது என்று அவள் நினைத்த கணத்தில் சிறகு விரிந்தது, தரைக்கு ஓர் அடி மேலே வளைந்து, தள்ளாடி, எழும்பி, நான்காவது துணுக்கை ஆகாயத்திலேயே எடுத்துக்கொண்டது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம், அலகு மூடுகிற சத்தம். அதை இவ்வளவு கிட்டத்தில் அவள் கேட்டதில்லை. பழைய பறவை. அவரைத் தெரிந்த பறவை. பிறகு பக்கத்து வாயில் ஒரு தலை, அதன் மேலே இரண்டு. எறிந்தாள், எறிந்துகொண்டே இருந்தாள், தோள் எரிந்தது, பாதி தவறின, பாதி பிடிபட்டன, கரகரவென்று ஒன்று கொப்பளித்தது, வேறொன்று பதில் சொன்னது. எதிரே சமையலறை ஜன்னல் தெரிந்தது. இங்கிருந்து அது இவ்வளவு சின்னதா? அணைக்க மறந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் யாரும் இல்லை. பார்த்தியா என்று தலையை ஆட்டுவதற்கு யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு தரம் ஆட்டினாள், தொப்பியில்லாத தலையை.

எண்ணினாள். பதினாறு. இரண்டு குறைந்தது. மறுபடி எண்ணினாள், பறக்கிறவற்றை எப்படி எண்ணுவது, பதினேழு, பதினாறு, பதினாறுதான். மேல் வரிசையில் இடது கோடிக் குடுக்கையிலிருந்து மட்டும் எதுவும் வெளியே வரவில்லை. அதன் வாயில் ஒரு சிறகு நுனி தெரிந்தது, காற்றுக்கு அசைகிறதா தானாக அசைகிறதா என்று தெரியவில்லை. மற்றவை சட்டத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டன. மரங்களுக்கு மேலே மேகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மத்தியானத்துக்குமேல் சூடு ஏறும் என்று காலையில் ரேடியோ சொல்லியிருந்தது. கிண்ணத்தில் ஒரே ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. விசாலாட்சி அதை நகத்தால் எடுத்துக் கரண்டியில் வைத்தாள். இடது பக்கமாக ஓர் அடி நகர்ந்தாள், இன்னும் ஓர் அடி, அந்த வாய்க்கு நேராக வந்து நின்றுகொண்டு, வளைத்து விட்டாள். துணுக்கு வாயருகே போய், ஒரு கணம் நின்று, விழுந்தது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், பனியைத் தட்டிவிட்டு அதைப் பொறுக்கி எடுத்தாள், மறுபடி கரண்டியில் வைத்தாள்.